பெயர் சொல்லாத கட்டுரை

கல்லூரிப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தித் திருத்தியே எனக்கு வயதாகிவிட்டது. 'மறக்க முடியாத நிகழ்ச்சி' என்று தலைப்புக் கொடுத்தால் பாதிப் பேர் சுற்றுலா போகிறார்கள். மீதிப் பேர் கிணற்றில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றுகிறார்கள். இத்தனை குழந்தைகள் விழுந்தால் ஊர் என்னத்துக்கு ஆகும்? சலித்துப்போய்ப் பேனாவை மூடும்போது நான் எழுதிய கட்டுரை ஞாபகத்துக்கு வரும். வந்தால் அன்றைய திருத்தல் வேலை அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி, கீழே ஒரு கல்லூரியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். மீசை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் முளைக்காத வயது. என்னைக் கொண்டுவந்து சேர்த்தவர் அம்மாவின் தம்பி, என் மாமன். தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலையிறங்கி வந்தவர், விடுதி வாசலில் அதை இறக்கிவைத்து, "சோறு புடிக்கலன்னு மூஞ்சத் தூக்கி வெச்சிக்காத, துன்னுடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஐப்பசியில் மாமனைக் கரடி அடித்தது.

இப்போது ஒரே வரியில் எழுதிவிட்டேன். அன்றைக்கு எழுதியிருக்க முடியாது. எங்கள் ஊரில் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. சொன்னால் கூப்பிட்டதாகிவிடும், கூப்பிட்டால் வந்துவிடும் என்பார்கள். 'அது' என்றுதான் பேச்சு. அதிலும் ஒருமுறை அடிபட்டுப் பிழைத்தவரைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் வரவே கூடாது. விட்டுப்போன மிச்சத்தைத் தேடிக்கொண்டு மறுபடி வருமாம். மாமனுக்கு ஒரு கண் போய்விட்டது. கிழிந்த கன்னத்தைக் கோணலாகத் தைத்திருந்தார்கள். உயிர் மட்டும் தப்பியதற்கு அத்தை ஊர் முழுக்க ஒரே காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அம்மாம் வலியிலயும் அந்தப் பேரச் சொல்லல பாரு உங்க மாமன். வாயே தொறக்கல. அதான் வுட்டுட்டுப் போய்ட்ச்சி" என்று என்னிடமும் சொன்னாள்.

எங்கள் தமிழ் விரிவுரையாளர் எந்நேரமும் களைத்திருப்பார். மத்தியான வகுப்பில் நாங்கள் தூங்காமல் இருந்தால் அவருக்கே ஆச்சரியமாக இருக்கும். அவர்தான் மறக்க முடியாத நிகழ்ச்சியை எழுதச் சொன்னார். எனக்கு இருந்தது அது ஒன்றுதான். அது வந்தது, மாமனை அடித்தது, மாமன் வாய் திறக்கவில்லை, அது போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தேன்.

"எதுப்பா வந்தது? மழையா, மச்சானா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது.

"சொல்லக் கூடாதுங்க ஐயா" என்றேன். அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டு போனது.

"படிக்கிறவனுக்குத் தெரிய வேணாமா? திருப்பி எழுதிட்டு வா."

பெயரை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. எழுதக் கை வரவில்லை. மாமன் அப்போதுதான் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். காட்டுப் பக்கம் மட்டும் போகாமல் இருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் ஒரு சொல்லை எழுதினால் அங்கே மாமன் செத்துப்போவார் என்று உண்மையாகவே நம்பினேன். ஆகவே அந்தச் சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுத வேண்டியதாயிற்று. மாமன் அடிபட்டதைக் கேட்டு ஊருக்கு ஓடியபோது நானே போய்ப் பார்த்த இடம் அது; புற்றைப் பறித்துப் போட்ட ஈர மண்ணை எழுதினேன். மண்ணில் பதிந்திருந்த, மனுஷக் காலைப் போலவே இருந்த தடத்தை எழுதினேன். சின்ன வயதில் காட்டில் தூரத்திலிருந்து கேட்டிருந்த, கறையானை உறிஞ்சும் சத்தத்தையும், கீழே கிடந்த மாமன் துண்டில் ஒட்டியிருந்த கறுப்பு மயிரையும் எழுதினேன். மறுபடி, "தேறியிருக்க. இன்னும் தெளியல" என்று விரிவுரையாளர் தாளைத் திருப்பித் தந்தார். சாப்பாட்டு நேரத்தில்கூட நான் அந்தப் புற்றடியில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுத்து என்று எனக்கு ஏதாவது வந்தது என்றால் அந்த நாட்களில் வந்ததுதான். அதற்கு முன்பெல்லாம் பாடப்புத்தகம்தான் என் கையைப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தது.

மூன்றாவது தடவை எழுதியதை அவர் ஒருநாள் காலை முதல் வகுப்பிலேயே வாசித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குப் பெருமையில் காது சூடாகிவிட்டது. வாசித்து முடித்ததும் அவர் சொன்னார்: "கரடின்னு ஒரு எடத்துலயாவது சொல்றானா பாருங்க. ஆனா கரடி வந்து நிக்குது!"

பெருமை அப்படியே இறங்கிப்போனது. போதாக்குறைக்குப் பின் பெஞ்சுக்காரர்கள் மேசையைத் தட்டி, "கரடி, கரடி" என்று பாட்டாகவே படித்தார்கள். மணி அடித்ததும் விடுதிக்குப் போகவில்லை. நேராகச் செங்கம் பஸ்ஸைப் பிடித்தேன். அங்கிருந்து புளி ஏற்றப் போன ஒரு லாரியில் தொற்றி அடிவாரம் போய் இறங்கினேன். அப்புறம் நடை. காலையில் தின்ற களிதான் வயிற்றில் இருந்தது. போய்ச் சேரும்போது வீட்டுக்குள் அழுகைச் சத்தம் கேட்கும் என்று நினைத்தபடியே ஏறினேன்.

பொழுது இறங்கும் நேரம். மாமன் வாசலில் உட்கார்ந்து புளியம்பழ ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, காலேஜ மூடிட்டாங்களா?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இன்னா எழுதன, சொல்லு" என்றார். மனப்பாடமாக இருந்ததால் கடகடவென்று ஒப்பித்தேன். மாமன் வாய் திறக்கவில்லை என்ற இடம் வந்ததும் தட்டுவதை நிறுத்தினார்.

"யாரு சொன்னா?"

"அத்தைதான்."

உள்ளே அத்தை அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். மாமன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது பாட்டுக்குப் புத்தப் பறிச்சினு இருந்துச்சிடா. என்னப் பாக்கவே இல்ல. நான் அப்டியே பின்னாலயே நவுந்து வந்திருக்கலாம். பயத்துல பேரச் சொல்லிக் கத்திட்டேன். அப்பறந்தான் திரும்புச்சி." அடுப்படிப் பக்கம் மறுபடி பார்த்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லல. அத்தைகிட்ட சொல்லிடாத."

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வழி நெடுக நான் சுமந்து வந்த பயம் வெறும் பயம்தான் என்று பட்டது. ஏழெட்டு மாதம் கல்லூரியில் படித்தவன் இல்லையா, விளக்கம் சொல்லாமல் இருக்க முடியுமா? சிரிப்புக்கூட வந்துவிட்டது.

"சத்தம் போட்டா எதுவா இருந்தாலும் திரும்பும் மாமா. பேருல இன்னா கீது? இன்னிக்கு எங்க க்ளாஸே கத்துச்சி. உங்களுக்கு இன்னா ஆச்சி, நல்லாத்தான கீறீங்க?"

அதோடு விட்டிருக்கலாம். எழுந்து நின்று, இருட்டத் தொடங்கியிருந்த காட்டைப் பார்த்து அந்தப் பெயரை உரக்கச் சொன்னேன். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் மாமன் பாய்ந்து வந்து என்னை இழுத்து அணைத்து, புளி பிசுபிசுத்த கையால் என் வாயை இறுகப் பொத்தினார். அவர் மார்பில் சாய்ந்து நின்றேன். வெடவெடவென்று நடுக்கம். காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் அவ்வளவு தூரம் ஏறி வந்ததில் என் உடம்புதான் அப்படி நடுங்குகிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.