எட்டுப் பக்க வரவேற்புரையோடு ஆஹென்வரை

1986 மாசி, சனிக்கிழமை. காலை 9.10.

ஜெர்மனியில் எசனிலிருந்து ஆஹென் ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீற்றர். போகவர நாற்பது மார்க். கொலோனில் ரயில் மாற இருபது நிமிடம் குளிரில் விறைத்து நின்றோம். கூட வந்தவள் பத்மா. அவள் கணவனின் அகதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். புதன்கிழமை கொழும்பு விமானத்தில் ஏற்றப் போகிறார்கள்.

நாங்கள் பார்க்கப் போனது ஓர் இங்கிலாந்துப் பிரபுவை. வழக்கறிஞராயிருந்து மந்திரியானவர். அவர் கைப்பட ஒரு கடிதம் தந்தால் விமானத்தை நிறுத்திப் பார்க்கலாம் என்று பத்மாவின் ஜெர்மன் வக்கீல் சொல்லியிருந்தார்.

"அண்ணை, முதல்ல என்ர விசயத்தைச் சொல்லுங்கோ."

"ஓம் பிள்ளை. ஆனா வாற பெரிய மனிசரை வரவேற்காமல் எடுத்த எடுப்பில கேக்கேலாது."

யாழ்ப்பாணத்தில் வழக்குப் பேசும் அப்புக்காத்து ஒருவரிடம் பன்னிரண்டு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வரவேற்புரை என்றால் எனக்குத் தனி எழுப்பம், தனிப் பெருமை. எட்டுப் பக்கம், ஆங்கிலத்தில். வழிநெடுகப் பத்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பாவம், கேட்டுக்கொண்டிருந்தாள்.

பகல் 12.30. ஆஹென் தேவாலய மண்டபம். மழை. பிரபு மெலிந்த கிழவர், கண்ணெல்லாம் களைப்பு.

"அரை மணிநேரம்தான். ஒரு மணிக்கு பிரசல்ஸ் போகக் கார் வரும்" என்றார் பாதிரியார்.

பொன்னாடை போர்த்தினோம். கார்னேஷன் பூவில் கட்டிய மாலையைப் போட்டோம். அதிலேயே பத்து நிமிடம் போயிற்று. பிறகு நான் வாசித்தேன். தபால்காரரின் மகனாகப் பிறந்தது, இரவில் சட்டம் படித்தது, தூக்குக்குப் போகவிருந்தவர்களுக்குக் கூலி வாங்காமல் வாதாடியது, தேர்தலில் இரண்டு தரம் தோற்றது, ஒன்றையும் விடவில்லை. பத்மா என் கோட்டை இழுத்தாள். கையைத் தட்டிவிட்டேன். அட, என் உரையில் மனிதர் இன்னும் மந்திரியாகவே இல்லையே!

ஏழாம் பக்கத்தில் கார் வந்துவிட்டது. ஊரில் மந்திரிமார் ஒரு மணிநேரம் பிந்தித்தான் கிளம்புவார்கள். இங்கே நிமிடம் தவறாது என்பது என் மரமண்டையில் ஏறவில்லை.

பிரபு என் கையைக் குலுக்கினார். பத்மா ஓடிப்போய்க் கணவனின் வழக்குக் காகிதங்களை நீட்டினாள்.

"லண்டனுக்குத் தபாலில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை திரும்பியதும் பார்க்கிறேன்" என்றார். கார் போய்விட்டது.

மாலை 3.20. திரும்பும் ரயில். உடம்பு அடித்துப்போட்டதுபோல வலித்தது. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கொலோன் தாண்டியதும் பத்மா என் பக்கம் திரும்பினாள். கோபம்கூட இல்லை, களைத்த குரல்.

"அந்தாளின்ர தகப்பன் என்ன வேலை செய்தவர் எண்டதுகூட எனக்குத் தெரியும் அண்ணை. அந்தாளுக்கு என்ர மனிசன்ர பேரே தெரியாது."