அடைப்புக்குறிக்குள் வறுத்த மீன்

என் வீட்டுக்காரர் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறியவர். ஒப்பந்த ஆட்களில் பத்து பாஸானவர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று யார்டில் ஒரு பேச்சு கிளம்பியது. அன்று மாலை வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல், "நீ பன்னண்டாவது பாஸ் தானேமே? எனக்குக் கணக்கு சொல்லிக் குடேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் படிப்பைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் பந்தா காட்டிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டேன்.

முதல் நாளே எக்ஸோடு சண்டைக்குப் போனார்.

"எக்ஸுன்னா யாரு?"

"தெரியாத நம்பர்யா. அதத்தான் கண்டுபிடிக்கணும்."

"தெரியாதுன்னு சொல்லிக்கினு அதுக்குப் பேரு வேற வெப்பாங்களா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு வயதுக் கணக்கைக் கொடுத்தேன். அப்பாவின் வயது இப்போது மகனின் வயதைப்போல் மூன்று மடங்கு. பன்னிரண்டு வருடம் கழித்து இரண்டு மடங்குதான் இருக்கும். இருவர் வயதும் என்ன? மகனுக்கு எக்ஸ், அப்பாவுக்கு மூன்று எக்ஸ் என்று போடச் சொன்னேன். போட்டார். பன்னிரண்டு வருடம் கழித்து இருவருக்கும் பன்னிரண்டு கூட்டச் சொன்னேன். கூட்டினார். அப்பாவின் வயது, மகனின் வயதைப்போல் இரண்டு மடங்கு என்று எழுதச் சொன்னதும், இரண்டு போட்டு, அடைப்புக்குறிக்குள் எக்ஸ் கூட்டல் பன்னிரண்டு என்று அழகாகவே எழுதினார். அடைப்புக்குறியைப் பிரிக்கும்போதுதான் வினை. இரண்டை எக்ஸோடு மட்டும் பெருக்கிவிட்டு, பன்னிரண்டை அப்படியே இறக்கி வைத்தார். எக்ஸ் பூஜ்யம் என்று வந்தது.

"மவன் வயசு சைபர்," என்றார் ஜம்பமாக. "இன்னிக்குத்தான் பொறந்துகீறான்."

"சரி, அப்பனுக்கு?"

மூன்றைப் பூஜ்யத்தால் பெருக்கிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"அப்பனும் இன்னிக்குத்தான் பொறந்தானா?" என்று கேட்டேன். பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மாமியார், "ஒரே ஆஸ்பத்திரியா?" என்றார். வீட்டுக்காரருக்கு வந்த கோபத்தில் அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

மறுநாள் யார்டிலிருந்து விடையோடு வந்தார். சாப்பாட்டு நேரத்தில் டிரைவர்கள் எல்லோரும் சேர்ந்து யோசித்தார்களாம். மகனுக்கு இருபத்து நாலு, அப்பாவுக்கு எழுபத்திரண்டு என்று பெரும்பான்மை முடிவாம்.

"இன்னாயா, எக்ஸுக்கு ஓட்டா போட்டீங்க?"

"நீயே சரி பாரு. பன்னண்டு வருசம் கழிச்சு மவனுக்கு முப்பத்தாறு. அதுக்கு ரெண்டு மடங்கு எழுவத்திரண்டு. வந்துச்சா இல்லியா?"

"எழுவத்திரண்டு அந்தாளுக்கு இப்போ ஆவற வயசு. மவனுக்குப் பன்னண்டு ஏறுது, அப்பனுக்கு மட்டும் ஏறாதா?"

"இந்தக் கணக்கே பேஜாரு" என்று சொல்லிவிட்டுப் பல்லைத் தேய்க்கப் போனார். சாயங்காலம் ஆறு மணிக்கு யார் பல் தேய்ப்பார்கள்? அப்போதுதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது. கேலியை நிறுத்தி, வேறு வழி தேட வேண்டும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கி வந்து வறுத்தேன். மாமியாருக்கும் அவருக்கும் சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன். மீனை மாமியார் தட்டில் மட்டும் வைத்தேன்.

"எனக்கு மீனு?" என்றார்.

"ரெண்டு பேருக்கும் சோறு போட்டேன்ல?"

"சோறு போட்டா ஆச்சா? அம்மாக்கு வெச்சா எனக்கும் வெக்கணும்ல?"

"அதேதான்யா. அடைப்புக்குறிக்குள்ள சோறும் மீனும் இருந்துச்சு. வெளிய ரெண்டு நிக்குது. ரெண்டையும் ரெண்டு பேருக்கும் வெக்கணும். நீ சோத்த மட்டும் ரெண்டு மடங்காக்கிட்டு மீன அப்படியே உட்டுட்ட."

என்னை முறைத்தார். மீனை வைத்தேன். பாதி தின்றதும் எழுந்துபோய், எச்சில் கையோடு இடது கையால் பென்சிலை எடுத்து, கோணல்மாணலாகப் போட்டுப் பார்த்தார். மகனுக்குப் பன்னிரண்டு, அப்பாவுக்கு முப்பத்தாறு. பன்னிரண்டு வருடம் கழித்து இருபத்து நாலு, நாற்பத்தெட்டு. "கரீட்டு!" என்று அவர் கத்தியதில் மாமியாருக்குப் புரையேறியது.

அடுத்து வடிவியல். அதில் மாட்டியது நான். வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி. அதிலிருந்து தொடுகோடு வரைய வேண்டும். பன்னிரண்டாவது பாஸான தைரியத்தில் கண்ணளவாக ஸ்கேலை வைத்து இழுத்தேன். கோடு வட்டத்துக்குள் புகுந்து மறுபக்கம் போய்விட்டது.

"தொடச் சொன்னா குத்திட்டியேமே," என்றார் ரொம்ப மரியாதையாக. அந்தக் குரலுக்காகத்தான் ஒரு வாரமாகக் காத்திருந்திருப்பார்.

அப்புறம் இருவரும் ஃபோனில் ஒரு வாத்தியாரின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். மையத்தையும் வெளிப்புள்ளியையும் சேர்த்து ஒரு கோடு. அதன் நடுவைக் கவராயத்தால் கண்டுபிடித்து, அங்கிருந்து அந்த இரண்டு புள்ளிகள் வழியாகவும் போகும் இன்னொரு வட்டம். இரண்டு வட்டங்களும் வெட்டும் இடங்களை வெளிப்புள்ளியோடு சேர்த்தால் தொடுகோடுகள். அவர் வரைந்தது பதமாகத் தொட்டு நின்றது. என்னுடையதும் அடுத்த முறை சரியாக வந்தது. அதை அவர் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தேர்வன்று காலை எண்ணூர் விரைவுச் சாலையில் வழக்கம்போல் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பைக்கில் பின்னால் உட்கார்ந்து நான் புலம்ப, அவர் சந்துகளில் புகுந்து வண்டியை நேரத்துக்குக் கொண்டுபோய்விட்டார். பள்ளிக்கூட வாசலில் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு உள்ளே போனார். சும்மா கிண்டலடித்துக்கொண்டிருந்த மனுஷன் இத்தனை பயந்திருக்கிறாரே என்று அப்போதுதான் பட்டது.

வெளியே வரும்போது முகம் தொங்கியிருந்தது. ஒரு சமன்பாட்டில் எல்லா வரியையும் சரியாக எழுதி, கடைசிக் கழித்தலில் கோட்டை விட்டுவிட்டாராம்.

"ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் மார்க் உண்டுயா. எழுதினதுக்குக் கெடைக்கும்" என்றேன். நம்பவில்லை.

ரிசல்ட் வந்தபோது அவர் வேலையில் இருந்தார். நான்தான் ஃபோனில் பார்த்து, கூப்பிட்டுச் சொன்னேன். நாற்பத்தொன்று. பாஸ்.

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னாயா, கீறியா?"

"கீறேன்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்கு மண்டையில ஒண்ணும் ஏறாதுன்னு ஸ்கூல்ல சொல்லுவாங்கமே. நானும் அப்படித்தான்னு நெனச்சுக்கினு இருந்துட்டேன்."

"தொடுகோட்ட மொதல்ல கரீட்டா போட்டது நீதானேயா," என்றேன்.

"சரி, ஃபோன வெய்யி. லோடு வந்துகினு கீது," என்றார்.