வைன் கடைக்கு மேல் வீடு

இத்தாலியின் துறைமுகப் பகுதியான கால்சாவில் எங்கள் வீட்டுக்குக் கீழே வைன் கடை வைத்திருக்கும் முதியவர் அவர். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. காலையில் ஷட்டரைத் திறக்குமுன் பூட்டின் துவாரத்தை விரலால் தடவிப் பார்ப்பார். கப்பம் கொடுக்காத கடைகளின் பூட்டுக்குள் பசை ஊற்றுவது மாஃபியாவின் எச்சரிக்கை.

ஒரு நாள் பசை இருந்தது.

“பிள்ளையோடை இஞ்சை இருக்கேலாது. வேறை வீடு பாப்பம்” என்றார் என் கணவர். எனக்கும் பயம்தான். மகளைத் தூக்கிக்கொண்டு கீழே போய், “மற்றவை குடுக்கினம்தானே, நீங்களும் குடுத்தால் என்ன?” என்று எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் கேட்டேன். கேட்டவுடனேயே, கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

அவர் கோபிக்கவில்லை. “சிஞ்ஞோரா, அமெரிக்காவிலை மதுவைத் தடை செய்திருந்த காலம், என்ர தாத்தா அங்கை பலசரக்குக் கடை வைச்சிருந்தவர். கள்ளச் சாராயக் கும்பல் வந்து, ஒருக்கா மட்டும் எங்கடை போத்திலை ஒளிச்சு வையுங்கோ எண்டது. பயத்திலை ஓம் எண்டிட்டார். அதுக்குப் பிறகு பெயர்ப்பலகையிலை மட்டுந்தான் அது அவரின்ரை கடை.”

பிறகு மகளின் கன்னத்தைத் தட்டி, “வீடு மாறப்போறியளோ?” என்றார்.

“இல்லை” என்றேன், கணவரைக் கேட்காமலே.

மறுநாள் புதுப் பூட்டையும் அவர் விரல் தடவியது. நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் வீடு எங்கே என்று கேட்டால் துறைமுகப் பக்கம் என்பேன். இப்போது அந்த வைன் கடைக்கு மேலே என்கிறேன்.