லூர்தக்கா எழுதிய கதை

திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து நின்றிருந்தபோது செல்வி போன் செய்தாள். "லூர்தக்கா போய்ட்டாக" என்றாள். எங்கே என்று கேட்டேன். அவள் அழுத பிறகுதான் எனக்குப் புரிந்தது. நெஞ்சு வலி என்று தேவாரத்திலிருந்து தேனிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

இறந்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் உடன் இருந்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

தபால் வழியில் பி.ஏ. தமிழ் படித்தோம், ஐந்து பெண்கள், எல்லோரும் நாற்பதைத் தொட்டவர்கள். லூர்துமேரி தையல்காரர். ஞாயிறு காலை முதல் பூசையை முடித்துக்கொண்டு பஸ் பிடித்துத் தேனிக்கு வருவார். தேர்ச்சி பெற்றால் ஜூனிலேயே தமிழ் வகுப்பு தருகிறோம் என்று ஒரு தனியார் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். காலமெல்லாம் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்தவருக்கு, ஒரு நாளாவது அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடம் நடத்த ஆசை.

அசைன்மென்ட் என்றாலே எங்களுக்குப் பயம். நெய்தல் திணை பற்றிக் கட்டுரை கேட்டபோது, கடலையே பார்க்காத நான் என்னத்தை எழுத என்று செல்வி புத்தகத்தை மூடிவிட்டாள். அவள் கணவர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுபவர். "மழைக்குள்ள மலையில இருந்து ஜீப்பு வரலைன்னா வாசல்ல நிப்பேல்ல? அங்கன இருந்து எழுது" என்றார் லூர்தக்கா. செல்வி எழுதினாள். அந்தத் தாளில் அவளுக்குத்தான் அதிக மதிப்பெண்.

எங்கள் பேனாவை அவர் ஒருபோதும் தொட்டதில்லை. சிறுகதை எழுதச் சொன்னபோது ஒவ்வொருவரையும் முதலில் வாயால் சொல்ல வைத்தார். நான் அந்தி வானத்தை வர்ணித்துத் தொடங்கினேன். "அது கெடக்கட்டும் ஆத்தா. உனக்கு என்ன நடந்துச்சு, அதச் சொல்லு" என்றார். வானம் போனது, கதை வந்தது. இப்படியே எல்லோர் கதையிலும் சோடனை கழன்றது. மிஞ்சியவை சின்னச் சின்ன வாக்கியங்கள், அவர் பேசுகிற நடையில்.

எங்களுடையதையெல்லாம் முடித்துக் கொடுத்த பிறகே தன்னுடையதற்கு உட்கார்ந்தார். இறந்துபோன மகளுக்கு, இந்நேரம் வளர்ந்திருப்பாள் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அளவைக் கொஞ்சம் கூட்டிப் பாவாடை தைக்கும் ஒரு தாயின் கதை. அந்தத் தாய் யார் என்று எங்களுக்குத் தெரியும்.

முடிவு வந்தது. நாங்கள் நால்வரும் தேறினோம். லூர்தக்காவின் கதைக்கு மேல், உடன் படிப்பவர்களைப் பார்த்து எழுதியது என்று சிவப்பு மையில் எழுதி முட்டை போட்டிருந்தார்கள். நடை ஒன்றாக இருந்ததாம். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்ததை ஒருத்தி யாரைப் பார்த்து எழுதுவாள்? படிப்பு மையத்தில் போய் உள்ளதைச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னா உங்க நாலு பேரு தாளையும் சேத்துத் தள்ளிருவாக. நா அடுத்த வருசம் எழுதிக்கிறேன், விடு."

ஜூனில் அந்தப் பள்ளி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. அடுத்த வருடம் அவருக்கு வரவே இல்லை. கல்லறைத் தோட்டத்தில் பாதர், எல்லாம் ஆண்டவரின் சித்தம் என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமென் சொன்னார்கள். என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை, இன்று வரைக்கும்.

அவர் மேல் விழுந்த அந்தச் சொல்லை இனி யாரும் அழிக்கப் போவதில்லை. மறுபடி எழுத அவர் இல்லை, அவருக்காக வேறொருவர் எழுதவும் முடியாது. அவர் கொடுத்ததில் என்னிடம் இருப்பது இந்த நடை ஒன்றுதான். இதைப் படிக்கும்போது லூர்தக்கா பேசுவது போலிருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றினால், அது சரிதான். பார்த்து எழுதியவள் நான்.