மழை விடட்டும்

குடகுப் பக்கம் மிளகு பறிக்கப் போயிருந்த அப்பா, ஒரு மாசிக் கடைசியில் ஊர் திரும்பியபோது மஞ்சள் பையில் ஒரு நாய்க்குட்டியைப் போட்டுக்கொண்டு வந்தார். எஸ்டேட் வீட்டு நாய் போட்ட குட்டியாம். வெள்ளை வெளேரென்று, தூக்கினால் எடையே தெரியாமல் இருந்தது. பொரி என்று நான்தான் பெயர் வைத்தேன். நான் வைத்த பெயர் நிலைத்தது அது ஒன்றுக்குத்தான்.

எங்கள் மலையில் நாய் என்றால் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும். சாமைக் கொல்லையில் பன்றி இறங்காமல் பார்க்க வேண்டும், அறிமுகமில்லாத ஆள் வந்தால் ஊர் எல்லையிலேயே நிறுத்த வேண்டும். பொரிக்கு இரண்டும் வராது. பன்றியைப் பார்த்தால் பொரிதான் ஓடும். பக்கத்து வீட்டு அத்தை முதல் நாளே இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னாடி இது, நாயா மொசலா? காக்கா தூக்கினு போயிரும், பாத்துக்கோ."

அம்மா அதைக் கையால் தொட்டதே இல்லை. கேழ்வரகுக் கஞ்சி மிஞ்சினால் ஊற்றுவாள், குறுக்கே வந்தால் காலால் ஒதுக்குவாள். நாயைக் கொஞ்சுகிற வீட்டில் கூழ் கொதிக்காது என்பாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. வீட்டில் ஒரே பிள்ளை. எனக்குத் தங்கச்சி, தம்பி எல்லாம் பொரிதான்.

ஆவணி மாதம் ஒருநாள் காலையில் வீட்டுக்குள் சிமெண்டுத் தரையில் இரண்டு மூன்று இடத்தில் சிவப்பாகப் பொட்டு விழுந்திருந்தது. பொரிக்கு எங்கோ அடிபட்டுவிட்டது என்று நான் அழ ஆரம்பித்தேன். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். ஆட்டுக் கொட்டகையிலிருந்து கயிற்றை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

"இருவது நாளு கட்டியே கெடக்கட்டும். அவுத்து வுட்டேன்னு தெரிஞ்சிது, தோல உரிச்சிருவேன்."

"ஏம்மா?"

"ஏன் எதுக்குன்னு கேக்காத. சொன்னத செய்யி."

எங்கள் வீட்டில் உடம்பு சம்பந்தப்பட்ட எந்தக் கேள்விக்கும் இதுதான் பதில். பிற்பாடு எனக்கே அப்படி ஒரு நாள் வந்தபோதும் இதே பதில்தான் வந்தது. தோலை உரிப்பேன் என்று சொன்ன வாயால் காரணத்தை ஒரு வரி சொல்லியிருந்தால் நான் கயிற்றைத் தொட்டிருக்க மாட்டேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஒன்பது நாள் தாங்கினேன். பொரி கொட்டகையில் ஆடுகளோடு கட்டுண்டு கிடந்து முனகிக்கொண்டே இருந்தது. பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் அம்மாவும் சாமைக் கொல்லைக்குக் களை எடுக்கப் போயிருந்தார்கள். பாவம், கொஞ்ச நேரம் ஓடிவிட்டு வரட்டும் என்று அவிழ்த்துவிட்டேன். விட்டதுதான் தாமதம், ஒரே ஓட்டம். ஓடை வரைக்கும் தேடினேன், கிடைக்கவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் தானாக வந்தது. பின்னாலேயே பக்கத்து வீட்டுக் கருப்பன், இந்த வீட்டு மாப்பிள்ளை மாதிரி நிதானமாக நடந்து வந்தான். கருப்பன் எங்கள் ஊரிலேயே பெரிய நாய். கன்றுக்குட்டி உயரம் இருப்பான். அவனைக் கல்லால் அடித்து விரட்டிவிட்டு, பொரியை அதே கயிற்றில் அதே முடிச்சுப் போட்டுக் கட்டினேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் போனதும் பொரியின் வயிறு சொல்லிவிட்டது. கஞ்சி ஊற்ற வந்த அம்மா கையில் சட்டியோடு அப்படியே நின்றாள்.

"அவுத்து வுட்டியா?"

"இல்லம்மா."

"கயிறு தானா அவுந்துக்கிச்சா?"

"ஆமாம்மா."

அடி விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். விழவில்லை. அம்மா பொரிக்குப் பக்கத்திலேயே கீழே உட்கார்ந்துவிட்டாள். "இதுவே இன்னும் குட்டிதானேடி," என்று மட்டும் சொன்னாள். அவள் முதன்முதலாகப் பொரியைத் தொட்டது அன்றைக்குத்தான். வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து, வெகுநேரம் எடுக்காமல் இருந்தாள். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு எனக்குப் பள்ளிக்கூடத்தில் எதுவும் ஏறவில்லை. கருப்பனின் குட்டி இந்த வயிற்றில் எப்படி அடங்கும், எந்த வழியாக எப்படி வரும் என்பதே நினைப்பு. பக்கத்து வீட்டு அத்தை வேறு, அவள் வீட்டு நாய் செய்த காரியத்துக்குக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் வந்து யோசனை சொன்னாள். தீனியைக் குறைக்க வேண்டுமாம். புள்ளத்தாச்சி கம்மியாகத் தின்றால்தான் குட்டி சின்னதாக இருக்கும், சுளுவாக வந்துவிடும் என்றாள்.

"அப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான்..." என்று ஆரம்பித்த அம்மா, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அன்றிலிருந்து பொரிக்குத் தினமும் ஒரு முட்டை வைத்தாள். எனக்கே கேட்டால்தான் முட்டை.

ஆனால் நான் அத்தை சொன்னதைத்தான் நம்பினேன். அம்மா அந்தப் பக்கம் போனதும் முட்டையில் பாதியைப் பிய்த்து எடுத்து மறைவாகப் போட்டுவிடுவேன். கஞ்சியில் பாதியைக் கோழிக்கு ஊற்றிவிடுவேன். பொரி சட்டியை நக்கிவிட்டு என் முகத்தைப் பார்க்கும். உன் நல்லதுக்குத்தான் என்று அதனிடம் சொல்வேன். பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்வதை நானும் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாளாக விடாத மழை. ஐந்தாம் நாள் விடிந்தபோது பொரி கொட்டகை மூலையில் மண்ணைப் பறண்டிக்கொண்டிருந்தது. உடம்பு நடுங்கியது, முக்கியது, படுத்தது, எழுந்தது. பொழுது ஏறியும் ஒரு குட்டியும் வரவில்லை. பதினோரு மணி வாக்கில் பறண்டுவதையும் நிறுத்திவிட்டது. நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கண் செருகியது.

மாட்டாஸ்பத்திரி கீழே தார் ரோட்டில் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒத்தையடிப் பாதையில் ஒன்றரை மணி நேரம் இறங்க வேண்டும். ஜீப் வருகிற பாதையை அந்த மழை அரித்துக்கொண்டு போயிருந்தது. அம்மா கொட்டகையிலிருந்து எழுந்துவந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் கூரைக்குக் கீழே கட்டிலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"மழ வுடட்டும், பாக்கலாம்," என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். நாய்க்காக எவனாவது இந்த மழையில் இறங்குவானா என்கிற தொனிகூட அதில் இல்லை. ஆனால் அம்மாவின் முகம் போன போக்கை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வாய் கோணியது. அழப்போகிறாளா, அவரை அடிக்கப்போகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. பலாப்பழம் சுமக்கிற பெரிய கூடையை எடுத்தாள், பழைய புடவையை மடித்துப் போட்டாள், பொரியைத் தூக்கி அதில் வைத்தாள், மேலே யூரியா சாக்கைக் கவிழ்த்தாள்.

"மழ வுடாது. நான் போறேன்," என்றாள். கூடை அவள் தலைக்கு ஏறிவிட்டது. அப்பா மறுபடி உரசிய தீக்குச்சி எரிந்து அவர் விரலைச் சுட்டது. நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பாதை முழுக்கச் செந்தண்ணீர். அம்மா கால்விரலை ஊன்றி ஊன்றி இறங்கினாள். பாதி வழியில் சுமைதாங்கிக் கல் வந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். புளி மூட்டையோ பலாவோ தலையில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் யார் துணையும் இல்லாமல் இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். ஊரே அதில் இறக்கி வைக்கும். எங்கள் வீட்டுக்காரர்கள் மட்டும் எவ்வளவு கனம் தூக்கிவந்தாலும் அதில் வைத்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் திமிர் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கால் நடுங்கியது எனக்கே தெரிந்தது.

"கல்லு மேல வெச்சிட்டு செத்த நில்லும்மா," என்றேன்.

"அதுல வெக்க மாட்டேன்."

"எறக்கி வெக்கத்தானம்மா கல்லு?"

கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூடையை இரண்டு கையாலும் பிடித்தபடி மழையில் நின்றாள். குடையை எவ்வளவு எட்டிப் பிடித்தும் அவளுக்கு எட்டவில்லை. அப்போதுதான் மேலே பாதையில் சரளைக்கல் உருளும் சத்தம் கேட்டது. அப்பா சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, வழுக்கி வழுக்கி ஓடி வந்தார். முழங்காலில் ரத்தம். வந்தவர் ஒன்றும் கேட்காமல் அம்மாவின் தலையிலிருந்து கூடையைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டார். அவரும் கல்லைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் சின்ன வயசுக்காரர். மதிய சாப்பாட்டைத் திறந்தவர் அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்தார். எங்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். உள்ளே இரண்டு தடவை பொரி கத்தியது. ஒவ்வொரு தடவையும் அம்மா புடவைத் தலைப்பைக் கடித்தாள். வெகுநேரம் கழித்து டாக்டர் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தார். குட்டி மூன்று, மூன்றும் செத்துவிட்டன என்றார். முதல் குட்டி பெரிசு, வழியை அடைத்துக்கொண்டதாம்.

"தாய் பொழச்சிடும்மா. நல்ல வேள, இப்பவே கொண்டாந்தீங்க. இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டிருந்தீங்கன்னா தங்கியிருக்காது."

நான் குதிக்கப் போனேன். அதற்குள் அம்மா பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செத்த வீட்டில் அழுகிற அழுகை. டாக்டர் பயந்துபோய், பொழச்சிடும்மா, பொழச்சிடும்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா வெளியே போய், சுவரைப் பார்த்துக்கொண்டு மழையில் நின்றார்.

அந்தக் கல் யாருக்கு நட்டது என்பதைப் பதினான்கு வருஷம் கழித்து அம்மாவே சொன்னாள். எனக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்குப் பாதை அரிக்கிற காலம் வரும் முன்னமே திருப்பத்தூரில் வீடு பார்த்துத் தங்க வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். ஏன் இவருக்கு இவ்வளவு பதற்றம் என்று நான் சலித்துக்கொண்டபோதுதான் சொன்னாள்.

"அது உங்க பெரிம்மாவுக்கு நட்ட கல்லு. உங்கப்பாவுக்கு மொதல்ல எங்கக்காவத்தான் கட்டிக் குடுத்தாங்க. பதினாறு வயசு. ஐப்பசில வலி எடுத்துச்சி, நல்ல மழ. வுடட்டும், பாக்கலாம்னாரு உங்கப்பா. மழ வுட்டப்புறம் டோலி கட்டித் தூக்கினாங்க. அந்தக் கல்லு இருக்கிற எடம் வரைக்கும்தான் உசுரு இருந்துச்சி. வயித்துப் புள்ளையோட செத்தா சுமைதாங்கி நடறது வழக்கம். அவளால எறக்கி வெக்க முடியாத சுமைய ஊரு சனமாவது எறக்கி வெக்கட்டும்னு. நாலு வருசம் கழிச்சி என்ன அவருக்குக் கட்டிக் குடுத்தாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குப் பெரியம்மா ஒருத்தி இருந்ததே அன்றைக்குத்தான் தெரியும்.

ஆனால் மாட்டாஸ்பத்திரி வாசலில் நின்ற பத்து வயதுக்காரிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பொரி பிழைத்துவிட்டது, இவர்கள் அழுகிறார்கள். குட்டிகள் செத்ததற்குத்தான் அழுகிறார்கள் என்று முடிவு செய்தேன். குட்டிகள் செத்ததற்குக் காரணம் நான். அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. மழையில் போய் அப்பாவின் பக்கத்தில் நின்றேன்.

"கயிறு தானா அவுந்துக்கலப்பா. நான்தான் அவுத்து வுட்டேன். எல்லாம் என்னாலதாம்பா."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. குனிந்து என்னைத் தூக்கினார். தூக்குகிற வயதை நான் எப்போதோ தாண்டியிருந்தேன்.

"உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. தப்பு என்னுது," என்றார். "எல்லாம் என்னாலதான்."

நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அம்மாவிடம் அடி வாங்காமல் என்னைக் காப்பாற்ற அப்பா பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார், இவரைப் போல ஒரு அப்பா யாருக்கும் கிடையாது என்று நினைத்தேன். எதிரே டீக்கடையில் எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். பிய்த்து, கூடையில் கிடந்த பொரிக்கு ஒரு துண்டு நீட்டினேன். அது முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மிச்சத்தை, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக எந்தக் கவலையும் இல்லாமல், முழுசும் நானே தின்றேன்.