அப்பாவின் சைக்கிள் கொம்பு

ஏட்டிகளா, என் வகுப்புத் தோழிகளா, படித்ததும் கிழித்துவிடுங்கள். எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

அப்பா ஊர் ஊராய்ப் போய் மிஷன் பள்ளிக்கூடங்களைப் பார்த்துவரும் சைக்கிளின் கைப்பிடி, கிடாக் கொம்பு போலக் கீழே வளைந்திருக்கும். குனிந்தே மிதித்து, நேற்று சோறு பிசையக்கூட முடியாமல் அவருக்கு விரல் மரத்துவிட்டது.

இன்று மத்தியானம் யாருக்கும் தெரியாமல் திருகாணியைத் தளர்த்தி, கொம்பை மேலே தூக்கி வைத்தேன்.

சாயங்காலம் தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்த அப்பா, அண்ணன் தோளைத் தட்டினார்.

"ஏலே, உன் வேலைதானா? முதுகு நிமிர்ந்துட்டுலே!"

அவன் கூசாமல் "ஆமாப்பா" என்றான்.

பிறகு நான் கொம்பை அழுத்திப் பார்த்தேன். அசைந்தது. திருகாணியை இன்னும் இறுக்க என் கைக்குப் பலமில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன்.

"தொட்டா, நான் செய்யலையோன்னு அப்பாவுக்குச் சந்தேகம் வந்துரும். பேசாம இரு."

விடியும் முன் அப்பா ஆற்றுப்பாலச் சரிவில் இறங்குவார்.

"இனி சைக்கிளைத் தொட்டே, பள்ளிக்கூடம் கிடையாது" என்று அம்மா போன மாதமே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அப்பா கிளம்பும்போது நானே சொல்லிவிடப் போகிறேன்.

இந்தக் கடுதாசியைத் தங்கச்சி கொண்டுவருவாள். நாளை பள்ளிக்கூட ஜெபத்தில் என் இடம் காலியாக இருந்தால், அப்பா பத்திரமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

என் சிலேட்டு யாருக்கு வேண்டும்?