மெட்டில்டாவின் வயிற்றெரிச்சல்

நர்ஸ் மெட்டில்டாவுக்குச் செல்லத்தாயைக் கண்டாலே வயிறு எரியும். தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக வேலை பார்ப்பவள் மெட்டில்டா. செல்லத்தாயோ போன வருஷம், 1977இல், அதே வார்டில் புற்றுநோய்க்கு ஊசி மருந்து ஏற்றிப் பிழைத்த கருப்பட்டிக் கடைக்காரி. ஆனால் குணமான பிறகும் அவள் வார்டுக்கு வந்து போனாள், நோயாளிகளும் அவளைத்தான் தேடினார்கள்.

அன்று ஆலந்தலையிலிருந்து வந்திருந்த நோயாளி ரோச், மருந்து உடம்பை எரித்துவிடும் என்று பயந்து கட்டிலை விட்டு இறங்கிவிட்டார். மெட்டில்டா அரைமணி நேரம் விளக்கியும் கேட்கவில்லை. பிறகு செல்லத்தாய் வந்தாள்.

"எரிக்காது அண்ணாச்சி. ரெண்டு நாள் வாந்தி வரும், மூணாம் நாள் கஞ்சி எறங்கும். முடி கொட்டும், திரும்ப வளரும். இந்தா பாருங்க," என்று முக்காட்டை விலக்கிக் குட்டைமுடியைக் காட்டினாள்.

ரோச் கையை நீட்டினார். ஊசி குத்திய மெட்டில்டாவை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் அவள் செல்லத்தாயை மறித்தாள். "இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல சிஸ்டர். அதான் அன்னைக்கு அப்படி நடுங்கினேன்."

போன வருஷம் செல்லத்தாய்க்கு ஊசி போட்டவள் மெட்டில்டாதான்.

மறுநாள் செல்லத்தாய் வருவதற்குள் மெட்டில்டா ரோச்சிடம் போனாள். "இன்னைக்கும் கொமட்டும், நாளைக்குக் கஞ்சி எறங்கும்," என்றாள். பொறாமை போகவில்லை, அவளை முந்திவிட வேண்டும் என்றுதான் ஓடிவந்திருந்தாள்.